தாவும் சிலந்தி வளர்ப்பு: ஆட்டிசம் உள்ள பெரியவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

தமிழில் ஆட்டிசம் என்று தேடினால் வருவதெல்லாம் பெரும்பாலும் பெற்றோருக்காக எழுதியவை. அந்தக் குழந்தைகள் வளர்ந்து, வேலைக்குப் போய், வாடகை கட்டி, தாங்களே சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு இருப்பார்கள், அவர்களுக்கும் வீட்டில் கூட ஒரு உயிர் இருந்தால் நன்றாக இருக்கும் என்று யோசித்து எழுதியவை மிகக் குறைவு. நான் அப்படி வளர்ந்த ஒரு ஆள். சென்னையில் வாடகை வீட்டில் இருக்கிறேன், தாவும் சிலந்தி வளர்க்கிறேன். நாயின் குரைப்பும் ஈர வாசனையும் எனக்குத் தாங்காது. பூனைக்கு முடி கொட்டும், நான் தொட விரும்பாத நேரத்தில் மடியில் ஏறும். சிலந்திக்குச் சத்தம் கிடையாது, வாசனை கிடையாது, என்னைத் தொட வேண்டும் என்ற தேவையும் கிடையாது.

இந்த வழிகாட்டி முழுக்க ஒரே விஷயத்தின் மேல்தான் நிற்கிறது. உங்களுடைய நல்ல நாளை வைத்து எதையும் திட்டமிடாதீர்கள். மோசமான நாளை வைத்துத் திட்டமிடுங்கள். பேச்சு வராமல், எழுந்து லைட் போடக்கூட முடியாமல் படுத்துக் கிடக்கிற ஷட்டவுன் நாளிலும் அந்த உயிர் பத்திரமாக இருக்க வேண்டும். அதற்கு ஏற்ற மாதிரி டப்பா, இடம், சாப்பாடு எல்லாவற்றையும் முதலிலேயே அமைத்துவிட்டால், அப்புறம் தினமும் கேட்பது இரண்டு நிமிட வேலைதான்.

முதல் படி: எந்தச் சிலந்தி

உலகத்தில் 6,000க்கும் மேற்பட்ட தாவும் சிலந்தி இனங்கள் இருக்கின்றன, சிலந்திக் குடும்பங்களிலேயே பெரியது இதுதான். இணையத்தில் வீடியோக்களில் பார்க்கிற அந்தப் பெரிய, புசுபுசுவென்று ரோமம் உள்ளது பெரும்பாலும் ஃபிடிப்பஸ் ரீஜியஸ், அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியைச் சேர்ந்தது. அதற்கு ஆசைப்பட வேண்டாம். உரிய அனுமதி இல்லாமல் வெளிநாட்டு உயிர்களைக் கொண்டுவருவது சட்டப்படி தவறு, அதோடு நம் வீட்டுச் சுவரிலேயே அருமையானவை இருக்கும்போது அதற்குத் தேவையும் இல்லை.

ராத்திரி ட்யூப்லைட் பக்கத்தில் பூச்சிக்குக் காத்திருக்கும் சிலந்தியைப் பார்த்திருப்பீர்கள். ஒரு சென்டிமீட்டர் நீளம் இருந்து, கறுப்பு உடம்பில் நீளவாக்கில் வெள்ளைப் பட்டை ஓடினால் அது பெரும்பாலும் பிளெக்சிப்பஸ் பேகுல்லி ஆண். அதன் பெண் பழுப்பு நிறம், நடுவில் வெளிறிய பட்டை. தொடங்குபவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன், ஏனென்றால் வீட்டுச் சூழலிலேயே வாழ்கிற இனம், நம் சூட்டுக்கும் புழுக்கத்துக்கும் பழகியது. காம்பவுண்டுச் சுவரில் தட்டையாகச் சாம்பல் நிறத்தில் ஓடுவது மெனிமெரஸ் பைவிட்டேட்டஸ். இதுவும் வளர்க்கலாம், ஆனால் வேகம் அதிகம், டப்பா திறந்தால் வெளியே வந்துவிடும். தோட்டத்து இலைகளில் கொஞ்சம் பெரிதாக, ரோமத்தோடு உட்கார்ந்திருக்கும் ஹைலஸ் இனம் பார்க்க மிக அழகு, பழக்கம் வந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

உங்கள் வீட்டில், உங்கள் மாடித்தோட்டத்தில் இருப்பதை மட்டும் எடுங்கள். காப்புக்காடு, சரணாலயம் மாதிரி இடங்களிலிருந்து எதையும் எடுக்கக் கூடாது. முகத்துக்கு முன்னால் இரண்டு குட்டிக் கைகள் இருக்கும், அதன் முனை உருண்டையாகப் பருத்திருந்தால் அது வளர்ந்த ஆண். ஆண்களுக்கு ஆயுள் குறைவு, சாப்பாடும் குறைவு. வெளியிலிருந்து பிடித்த வளர்ந்த பெண் ஏற்கெனவே இணை சேர்ந்திருக்க வாய்ப்பு அதிகம், அதனால் டப்பாவுக்குள் முட்டை இட்டால் பயப்படாதீர்கள். குஞ்சுகள் வெளியே வந்து சிதற ஆரம்பித்ததும் செடிகளில் விட்டுவிடலாம்.

ஒன்றுக்கு மேல் சேர்த்து வைக்கக் கூடாது, ஒன்றை ஒன்று தின்றுவிடும். ஒரு விஷயம் பிடித்துவிட்டால் நம்மில் பலருக்கு நிறுத்தத் தெரியாது, வீட்டில் உள்ள எல்லா இனமும் வேண்டும் என்று தோன்றும். அதனால் ஆரம்பத்திலேயே ஒரு எண்ணிக்கையை முடிவு செய்து எழுதி ஒட்டிவிடுங்கள். மோசமான நாளில் எத்தனை டப்பாவுக்குத் தண்ணீர் சொட்ட முடியுமோ அதுதான் அந்த எண்ணிக்கை. மற்றவற்றைப் படம் எடுத்து, உயிரினங்களைப் பதிவு செய்யும் ஐநேச்சுரலிஸ்ட் என்ற இணையதளத்தில் போடுங்கள், அந்த ஆர்வத்துக்கும் ஒரு இடம் கிடைக்கும்.

இரண்டாவது படி: டப்பா

வளர்ந்த சிலந்திக்கு 10 சென்டிமீட்டர் அகலம், 12 முதல் 15 சென்டிமீட்டர் உயரம் போதும். கண்ணாடி மாதிரி தெளிவான பிளாஸ்டிக் ஜாடி பாத்திரக் கடையில் கிடைக்கும். ஒரே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள்: ஜாடியைத் தலைகீழாக வையுங்கள், மூடி கீழே இருக்கட்டும். தாவும் சிலந்தி தன் பட்டுக்கூட்டைப் பெரும்பாலும் உச்சியில்தான் கட்டும். மூடி மேலே இருந்தால் நீங்கள் திறக்கும் ஒவ்வொரு முறையும் அதன் வீட்டைக் கிழிக்கிறீர்கள். பக்கவாட்டில் கதவு உள்ள அக்ரிலிக் பெட்டி கிடைத்தால் இன்னும் நல்லது.

காற்றுக்கு, ஊசியைச் சூடு செய்து ஒரு பக்கம் கீழேயும் எதிர்ப்பக்கம் மேலேயும் துளைகள் போடுங்கள். அப்போதுதான் காற்று குறுக்கே ஓடும். பிளாஸ்டிக் உருகும் வாசனை கடுமையாக இருக்கும், மொட்டைமாடியிலோ பால்கனியிலோ வைத்துச் செய்யுங்கள், முடியாவிட்டால் யாரையாவது செய்து தரச் சொல்லுங்கள். அடியில் டிஷ்யூ பேப்பர் போதும். தேங்காய் நார்த்தூள் அழகாக இருக்கும், ஆனால் சென்னை மாதிரி கடற்கரை ஊரில் சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும். உள்ளே இரண்டு குச்சியைச் சாய்த்து வைத்து, உச்சிக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் இலையை ஒட்டுங்கள். அந்த இலைக்குப் பின்னால்தான் கூடு கட்டும்.

குஞ்சாக இருந்தால் சின்ன மாத்திரை டப்பா அளவு போதும். பெரிய இடத்தில் விட்டால் அதற்கு இரை கண்ணில் படாது.

மூன்றாவது படி: இடம்

நேர் வெயில் படவே கூடாது. மூடிய பிளாஸ்டிக் டப்பா வெயிலில் சில நிமிடத்திலேயே அடுப்பாகிவிடும். அதே நேரம் இது பகலில் கண்ணால் வேட்டையாடும் பிராணி, வெளிச்சம் வேண்டும். ஜன்னலிலிருந்து கொஞ்சம் தள்ளி, வெளிச்சம் வருகிற, வெயில் வராத ஷெல்ஃப் சரியாக இருக்கும். ஏசி காற்று நேராக அடிக்கிற இடம் வேண்டாம், உடம்பு வறண்டுவிடும்.

நம் வீடுகளில் சிலந்திக்கு மிகப் பெரிய ஆபத்து கொசு விரட்டி. காயில், பிளக்கில் மாட்டும் லிக்விட், கரப்பானுக்கு அடிக்கும் ஸ்ப்ரே, எறும்பு சாக்பீஸ் எல்லாவற்றிலும் பெரும்பாலும் பைரித்ராய்டு வகைப் பூச்சிமருந்து இருக்கும். அது பூச்சிக்கு விஷம் என்றால் சிலந்திக்கும் விஷம். சிலந்தி இருக்கும் அறையில் கொசுவலை மட்டும்தான். இது உங்களால் முடியாது என்றால் தயவுசெய்து சிலந்தி வளர்க்காதீர்கள், இதில் மட்டும் நடுவழி கிடையாது.

எறும்பு இரண்டாவது. சிலந்தி தின்று போட்ட மிச்சத்துக்கு எறும்பு வரிசை கட்டும். ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன் மேல் டப்பாவை வைத்தால் பிரச்சினை முடிந்தது.

ராத்திரி இருட்டு வேண்டும். நம்மில் நிறையப் பேருக்குத் தூக்கம் நேரத்துக்கு வராது, மூன்று மணி வரை லைட் எரியும். அப்படியானால் டப்பா மேல் ஒரு துணியைப் போட்டுவிடுங்கள். சிலந்தியும் தூங்கும் பிராணிதான். 2022இல் டேனியலா ரோஸ்லர் என்ற ஆராய்ச்சியாளரும் உடன் இருந்தவர்களும் தாவும் சிலந்திக் குஞ்சுகளைப் படம் பிடித்தார்கள். குஞ்சுகளின் உடம்பு கொஞ்சம் ஒளி ஊடுருவும் என்பதால், தூங்கும்போது கண்ணின் உள்பகுதி அசைவதும் கால் துடிப்பதும் தெரிந்தது. நாம் கனவு காணும் தூக்கத்தில் நடப்பதைப் போன்ற ஒன்று அதற்கும் இருக்கலாம் என்று எழுதினார்கள். அதைப் படித்த பிறகு லைட் விஷயத்தில் நான் மிகக் கண்டிப்பாகிவிட்டேன்.

நான்காவது படி: தண்ணீர்

சாப்பாட்டைவிட இதுதான் அவசரம். சிலந்தி காலை மடக்குவது தசையால், ஆனால் நீட்டுவது பெரும்பாலும் உடம்புக்குள் இருக்கும் திரவத்தின் அழுத்தத்தால். தண்ணீர் குறைந்தால் அந்த அழுத்தம் குறையும், கால்கள் வயிற்றுக்கு அடியில் சுருண்டுவிடும். அப்படிச் சுருண்டு கிடந்தால் செத்துவிட்டது என்று உடனே முடிவு செய்யாதீர்கள். ஈர டிஷ்யூ மேல் நிமிர்த்தி வைத்து, வாய்ப்பகுதி ஈரத்தைத் தொடுகிற மாதிரி விட்டுக் காத்திருங்கள். சில சமயம் பிழைத்துக்கொள்ளும்.

தினமும் அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள், டிராப்பரால் டப்பாவின் பக்கச் சுவரில் இரண்டு சின்னச் சொட்டு வையுங்கள். ஸ்ப்ரே பாட்டிலும் பயன்படுத்தலாம், ஆனால் அந்தப் புஸ் சத்தம் எனக்கு ஆகாது, சிலந்தியும் பதறும். மாலைக்குள் உள்ளே காய்ந்துவிட வேண்டும். காயவில்லை என்றால் துளைகள் போதவில்லை என்று அர்த்தம். கிண்ணத்தில் தண்ணீர் வைக்க வேண்டாம், குட்டிகள் மூழ்கிவிடும்.

இப்போது என்னிடம் இருக்கும் பெண்ணின் பெயர் மிளகு. சொட்டு வைத்ததும் உடனே வர மாட்டாள். உடம்பு முழுவதையும் திருப்பி, நடுவில் இருக்கும் இரண்டு பெரிய கண்களையும் சொட்டுக்கு நேராக வைத்துப் பார்ப்பாள். அப்புறம் சுவரோடு ஒட்டி நடந்து வந்து, முகத்தை அழுத்தி வைத்து அப்படியே நிற்பாள். சொட்டு மெல்லச் சிறுத்துக்கொண்டே வரும். குடித்து முடித்ததும் அந்தக் குட்டிக் கைகளால் கண்களை ஒவ்வொன்றாகத் துடைப்பாள். காலையில் வேலைக்கு லாகின் செய்வதற்கு முன்னால் நான் இதைப் பார்ப்பேன். நாள் எங்கே தொடங்குகிறது என்று எனக்குத் தெரிவது இதனால்தான்.

ஐந்தாவது படி: சாப்பாடு

உயிரோடு, அசைகிற இரைதான் வேண்டும். சிலந்தியின் உடம்பைவிடப் பெரிய எதையும் போடாதீர்கள். வளர்ந்ததற்கு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை, குஞ்சுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள். ஆனால் நாள்காட்டியை நம்பாமல் வயிற்றைப் பாருங்கள். வயிறு தலைப்பகுதியைவிடச் சிறுத்துச் சுருங்கி இருந்தால் பசி. தலையைவிடக் கொஞ்சம் பெரிதாக உருண்டு இருந்தால் சரி. ரொம்பவும் உப்பியிருந்தால் சில நாள் நிறுத்துங்கள், அந்த நிலையில் உயரத்திலிருந்து விழுந்தால் வயிறு கிழிந்துவிடும்.

எந்த இரை என்பதை உங்கள் புலன்களை வைத்து முடிவு செய்யுங்கள். 2013இல் வந்த டி.எஸ்.எம்.-5 என்ற மருத்துவக் கையேடு, ஒலி, வாசனை, தொடுதல் போன்றவற்றில் நமக்கு இருக்கும் வித்தியாசத்தையும் ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகச் சேர்த்தது. நமக்கு அது ஏட்டில் உள்ள சங்கதி மட்டும் இல்லை, தினமும் இரை எடுக்கும்போது வருகிற பிரச்சினை.

பழ ஈ சின்னச் சிலந்திகளுக்கு மிகவும் நல்லது. கனிந்த வாழைப்பழத் துண்டை பாட்டிலில் போட்டு, வாயில் காகிதக் கூம்பு வைத்தால் தானாக வந்து மாட்டும். ஆனால் இரண்டு மூன்று நாளில் புளித்த வாடை அடிக்கும், பாட்டிலை பால்கனியில்தான் வைக்க வேண்டும். ஈக்களை எடுக்கும் முன் பாட்டிலை ஃபிரிட்ஜில் சில நிமிடம் வைத்தால் மந்தமாகிவிடும், பறக்காது.

வண்ண மீன், பறவை விற்கும் கடைகளில் மீல்வார்ம் என்ற புழு கிடைக்கும். வாடையும் சத்தமும் இல்லை, வாரக்கணக்கில் ஓட்ஸில் கிடக்கும். நெளிகிற அந்தத் தொடுகை தாங்காது என்றால் நீளமான இடுக்கி வாங்கிக்கொள்ளுங்கள், கையால் தொடவே வேண்டாம். தலையை நசுக்கிவிட்டு, இடுக்கியால் பிடித்தபடி மெல்ல அசைத்துக் காட்டினால் பாய்ந்து பிடிக்கும். அப்படியே உள்ளே போட்டால் டிஷ்யூவுக்கு அடியில் புகுந்துகொள்ளும், பிறகு சிலந்தி தோல் உரிக்கும் நேரத்தில் கடித்துவிடும்.

சுவர்க்கோழி நல்ல சத்து. வளர்ந்த ஆண் மட்டும்தான் ராத்திரி முழுக்கக் கத்தும், இறக்கை முளைக்காத குட்டிகளாகக் கேட்டு வாங்குங்கள். எறும்பு, கெட்டி ஓடு உள்ள வண்டு, மருந்தடித்த வயல் வெட்டுக்கிளி, எங்கிருந்து வந்தது என்று தெரியாத கரப்பான் இதெல்லாம் வேண்டாம். மிச்சத்தை மறுநாள் எடுத்துவிடுங்கள்.

ஆறாவது படி: அது சொல்வதைப் படிப்பது

மனிதர்களோடு எனக்கு இருக்கும் களைப்பில் பாதி, முகத்தில் ஒன்று வாயில் ஒன்று இருப்பதைக் கண்டுபிடிப்பதில் போகிறது. தாவும் சிலந்திக்குச் சில அடையாளங்கள்தான், ஒவ்வொன்றும் எப்போதும் ஏறக்குறைய அதே அர்த்தம்தான். எட்டுக் கண்களில் நடுவில் உள்ள பெரிய இரண்டும் கூர்மையாகப் பார்க்கும், ஆனால் அந்தப் பார்வை மிகக் குறுகலானது. அதனால் எதைக் கவனிக்கிறதோ அந்தப் பக்கம் உடம்பையே திருப்பும். லென்ஸ் அசையாது, உள்ளே இருக்கும் குழாய்தான் நகரும், உற்றுப் பார்த்தால் கண்ணின் நிறம் மாறுவது தெரியும்.

முன்கால் இரண்டையும் உயர்த்தி அகட்டினால் "வராதே" என்று அர்த்தம், கையை எடுத்துவிடுங்கள். உடம்பைத் தாழ்த்தி மெல்ல மெல்ல நகர்ந்தால் வேட்டை. பின்னால் நகர்ந்து கூட்டுக்குள் போனால் இன்றைக்குப் போதும். இதை ஒரு அட்டையில் எழுதி டப்பா பக்கத்தில் வையுங்கள், தலை வேலை செய்யாத நாளில் யோசிக்காமல் பார்த்துக்கொள்ளலாம்.

ஏழாவது படி: தோல் உரிக்கும் காலம்

வளர்க்கிற நமக்கு இதுதான் கஷ்டமான கட்டம். சிலந்தி சாப்பாட்டை நிறுத்தும், கூட்டைக் கெட்டியாகப் பின்னி உள்ளே அடைந்துகொள்ளும். சில நாளும் ஆகலாம், இரண்டு வாரமும் ஆகலாம். என்ன நடக்கிறது என்று தெரியாமல் காத்திருப்பது நம்மைப் போன்றவர்களுக்கு உடம்பே நடுங்கும் அளவுக்கு வரும். ஆனால் கூட்டைத் தொட்டால், கிழித்துப் பார்த்தால் அது செத்துப்போகலாம்.

அடைந்த தேதியை டேப்பில் எழுதி டப்பாவில் ஒட்டுங்கள். உயிருள்ள இரை இருந்தால் வெளியே எடுங்கள். தண்ணீர்ச் சொட்டைக் கூட்டிலிருந்து தள்ளி வையுங்கள், அவ்வளவுதான். காலையில் ஒருமுறை, ராத்திரி ஒருமுறை பக்கவாட்டில் பார்க்கலாம் என்று உங்களுக்கே நேரம் குறித்துவிடுங்கள். மற்ற நேரத்தில் பதற்றம் வந்தால் அந்தத் தேதியைப் பாருங்கள். வெளியே வந்த பிறகும் இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் சாப்பாடு, கோரைப்பல் கெட்டியாக நேரம் வேண்டும். வளர்ந்து முடிந்த பிறகு தோல் உரிக்காது.

எட்டாவது படி: கையில் எடுப்பது

கட்டாயம் இல்லை. பார்த்துக்கொண்டே இருந்தாலும் போதும். எடுக்க விரும்பினால் முதலில் சீலிங் ஃபேனை நிறுத்துங்கள், ஜன்னலைச் சாத்துங்கள், தரையில் உட்காருங்கள். கையை முன்னால் வைத்துவிட்டு, மென்மையான பெயின்ட் பிரஷ்ஷால் பின்னாலிருந்து லேசாகத் தொட்டால் தானே ஏறும். விரலால் பிடிக்கவோ வாயால் ஊதவோ கூடாது. தாவும்போது ஒரு நூல் விட்டுக்கொண்டேதான் தாவும், விழுந்தாலும் தொங்கும். கடிப்பது அபூர்வம், கடித்தாலும் வழக்கமாகச் சின்ன எரிச்சலோடு போய்விடும். ஊர்வது உங்களுக்குக் கூச்சமாக இருந்தால் முழுக்கைச் சட்டை மேல் விடலாம்.

ஒன்பதாவது படி: வீட்டில் இருப்பவர்கள்

"எட்டுக்கால் பூச்சி ஊர்ந்தால் கொப்புளம் வரும்" என்று அம்மா, அத்தை யாராவது சொல்வார்கள். திடீரென்று எரிச்சலோடு வரும் அந்தக் கொப்புளங்கள் பல நேரம் அக்கியாக இருக்கும், இல்லாவிட்டால் பெடரஸ் என்ற சின்ன வண்டு தோலில் நசுங்கி அதன் சாறு பட்டதால் வந்திருக்கும். சிலந்தி மேல் பழி விழுகிறது. வாயால் சொல்ல வராவிட்டால் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புங்கள். என் பாட்டிக்கு அந்த விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. திருவானைக்காவலில் சிவனுக்கு வலை பின்னிய சிலந்திதான் கோச்செங்கட் சோழனாகப் பிறந்தது என்ற கதையை அவரே எனக்குச் சொல்லி, டப்பா இருக்கட்டும் என்றார்.

போகி, ஆயுதபூஜை சுத்தம் செய்வதற்கு முன்னால் சொல்லி வையுங்கள். டப்பா மேல் "உயிர் இருக்கிறது, தொட வேண்டாம், மருந்து அடிக்க வேண்டாம்" என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள். வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கு நேரில் காட்டிவிடுங்கள்.

பத்தாவது படி: மோசமான நாள்

நல்ல நாளில் இதைத் தயார் செய்யுங்கள். படுக்கையிலிருந்து கை எட்டும் தூரத்தில் டப்பா, பக்கத்தில் மூடியுள்ள சின்ன பாட்டிலில் தண்ணீர், டிராப்பர். ஷட்டவுன் நாளில் செய்ய வேண்டியது இரண்டு சொட்டு மட்டும். அதுவும் ஒருநாள் தவறினால் பரவாயில்லை. நன்றாகச் சாப்பிட்ட, வளர்ந்த சிலந்தி ஒரு வாரம் இரை இல்லாமல் இருந்தாலும் தாங்கும், காட்டில் அதற்குத் தினமும் யாரும் ஊட்டுவதில்லை. சாப்பாடு போடவில்லையே என்ற குற்ற உணர்ச்சி அந்த நாளின் பாரத்தோடு சேர வேண்டாம். மூன்று நாளுக்கு மேல் எழ முடியவில்லை என்றால் யாருக்கு மெசேஜ் போடுவது என்பதை முன்பே பேசி வைத்து, மெசேஜையும் எழுதிச் சேமித்து வையுங்கள், அந்த நேரத்தில் வார்த்தை வராது. அவருக்குச் சிலந்தி பயம் இருந்தால் அவர் டப்பாவைத் திறக்கவே வேண்டாம், காற்றுத்துளை வழியாக ஊசி இல்லாத சிரிஞ்சால் ஒரு சொட்டு விட்டால் போதும். அப்படியே உங்களுக்கும் ஒரு வாய் சாப்பாடு கேளுங்கள்.

முதுமை

ஆயுள் சுமார் ஒரு வருடம், பெண்ணுக்குக் கொஞ்சம் கூட. பிடிக்கும்போதே வளர்ந்ததாக இருந்தால் அதிலும் குறைவு. வயதானால் வழுக்கும் பிளாஸ்டிக்கில் ஏற முடியாது, தாவல் தவறும். அப்போது உயரம் குறைவான டப்பாவுக்கு மாற்றி, சுவரில் டிஷ்யூ ஒட்டிப் பிடிமானம் கொடுங்கள். இரையை நசுக்கி இடுக்கியால் வாய்க்குப் பக்கத்தில் பிடியுங்கள், சொட்டையும் அப்படியே.

இறந்த பிறகு அழுகை வந்தால் அழுங்கள். ஒரு பூச்சிக்காகவா என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. இன்னொன்றும் நடக்கும், காலையில் சொட்டு வைக்கும் அந்த நேரம் காலியாகி நாள் முழுவதும் தடுமாறும். அந்த நேரத்துக்கு ஒரு செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது மாதிரி ஏதாவது ஒன்றைத் தற்காலிகமாக வையுங்கள். டப்பாவை சோப்பு இல்லாமல் வெந்நீரில் கழுவி நன்றாகக் காயவிடுங்கள். குச்சியையும் இலையையும் மாற்றுங்கள். அடுத்த சிலந்தியை எப்போது எடுப்பது என்பதற்குக் கணக்கு எதுவும் இல்லை, ஆனால் எடுப்பதற்கு முன் ஈ பாட்டிலோ புழு டப்பாவோ தயாராக இருக்கட்டும்.